டச் ஸ்கிரீனுக்கு பிரேக்: கார்களில் மீண்டும் பட்டன் வருவது ஏன்?

2019 மார்ச் மாதம். ஜெர்மனியில் நல்ல மழை. டெஸ்லா காரில் போய்க்கொண்டிருந்த ஒருவர், வைப்பரின் வேகத்தை மாற்ற நினைத்தார். அந்தக் காரில் அதற்கு ஸ்கிரீனைத் தொட்டு, மெனுவைத் தேடி, அதற்குள் வேகத்தைத் தேர்வு செய்ய வேண்டும். அதற்காகச் சாலையில் இருந்து கண்ணை எடுத்தார். கார் சாலையை விட்டு விலகி ஒரு பெயர்ப்பலகை மீதும், மரங்கள் மீதும் மோதியது.

வழக்கு கார்ல்ஸ்ரூ நகர உயர் நீதிமன்றம் வரை போனது. 'நான் போன் பார்க்கவில்லையே, வைப்பரைத்தானே போட்டேன்' என்பதுதான் ஓட்டுநர் தரப்பு வாதம். 2020-ல் வந்த தீர்ப்பு அதை ஏற்கவில்லை. காரோடு சேர்ந்தே வந்தாலும் டச் ஸ்கிரீன் ஒரு மின்னணு சாதனம்தான், எதற்காகத் தொட்டாலும் போனுக்கு உள்ள கட்டுப்பாடு இதற்கும் பொருந்தும் என்றது நீதிமன்றம். 200 யூரோ அபராதம், ஒரு மாதம் கார் ஓட்டத் தடை.

மழை பெய்தால் வைப்பர் போடுவது குற்றமா? குற்றம் இல்லை. ஆனால் வைப்பர் போடவே சாலையைப் பார்க்காமல் இருக்க வேண்டிய நிலை வந்தது எப்படி? இந்தக் கேள்விதான் இப்போது உலகம் முழுக்க கார் கம்பெனிகளைத் துரத்துகிறது. நம்ம கையில் இருக்கும் போனில் இருந்து போர்க்கப்பல் வரை பரவிய டச் ஸ்கிரீனின் கதையும் இதற்குள் இருக்கிறது.

2026-ல் என்ன மாறியது?

ஐரோப்பாவில் புதிய கார்களை மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் அமைப்பு யூரோ என்கேப். இந்த ஆண்டு ஜனவரியில் இருந்து அதன் புதிய விதிமுறைகள் நடைமுறையில் உள்ளன. இண்டிகேட்டர், ஹசார்ட் லைட், வைப்பர், ஹாரன், அவசர உதவிக்கான எஸ்ஓஎஸ் அழைப்பு ஆகிய ஐந்தும் கையால் தடவி உணரக்கூடிய தனி பட்டனாகவோ, லீவராகவோ இருக்க வேண்டும் என்கிறது அது. இல்லையென்றால் மதிப்பெண் குறையும். மதிப்பெண் குறைந்தால் ஐந்து நட்சத்திரம் வாங்குவது சிரமம்.

இது சட்டம் கிடையாது. பட்டன் இல்லாத காரை யாரும் பறிமுதல் செய்யப் போவதில்லை. ஆனால் ஐரோப்பாவில் கார் வாங்குபவர்கள் நட்சத்திரத்தைப் பார்த்துதான் வாங்குகிறார்கள். விளம்பரத்தில் 'ஃபைவ் ஸ்டார்' என்று போட முடியாமல் போனால் வியாபாரம் அடிபடும். அதனால் சட்டம் செய்யாததைக் கூட நட்சத்திரம் செய்துவிடும்.

டச் ஸ்கிரீன் எங்கே பிறந்தது?

ஐபோன் வந்த பிறகுதான் டச் ஸ்கிரீன் வந்தது என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் இதற்கு 60 வயது ஆகிவிட்டது.

1965-ல் இங்கிலாந்தின் மால்வெர்ன் நகரில் இருந்த அரசு ரேடார் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஈ.ஏ. ஜான்சன், விரலால் தொட்டு இயக்கும் திரை பற்றி முதல் கட்டுரையை வெளியிட்டார். அவர் மனதில் இருந்தது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறை. ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கும் அதிகாரி, தட்டச்சு செய்யாமல் அந்தத் திரையிலேயே தொட்டு வேலையை முடித்துவிடலாம் என்பது யோசனை.

1970-களில் ஜெனீவா அருகே உள்ள செர்ன் அணு ஆய்வுக் கூடத்தில் பென்ட் ஸ்டம்பே என்ற பொறியாளர் இன்னொரு டச் ஸ்கிரீனை உருவாக்கினார். ராட்சத துகள் முடுக்கி இயந்திரத்தை இயக்க ஆயிரக்கணக்கான சுவிட்சுகளை அடுக்க முடியாது. ஒரே திரையில் தேவைக்கு ஏற்ப பட்டன்கள் மாறி மாறி வந்தால் போதும் என்பதுதான் அவர் கண்ட தீர்வு.

இந்த இரண்டு இடத்திலும் ஒரு பொது அம்சம் இருப்பதைக் கவனியுங்கள். இயக்குபவரின் கண் ஏற்கெனவே திரை மேல்தான் இருந்தது. பார்க்க வேண்டியதும் தொட வேண்டியதும் ஒரே இடம். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஐபோன் செய்த மாயம் என்ன?

அடுத்த 30 ஆண்டுகள் டச் ஸ்கிரீன் ஓரமாகத்தான் இருந்தது. 1983-ல் எச்பி நிறுவனம் தொடுதிரை கம்ப்யூட்டரை விற்றது. 1994-ல் ஐபிஎம் வெளியிட்ட 'சைமன்' போன், ஸ்மார்ட் போனுக்கெல்லாம் தாத்தா. இரண்டும் பெரிதாக ஓடவில்லை.

காரணம், அந்தக் காலத்துத் திரைகளில் பல அழுத்தினால்தான் வேலை செய்யும். மேலே ஒரு மெல்லிய படலம், கீழே ஒரு படலம். அழுத்தும்போது இரண்டும் ஒட்டினால் எந்த இடம் என்று தெரியும். பழைய ஏடிஎம் சிலவற்றில் விரல் வலிக்க அழுத்திய அனுபவம் உங்களுக்கும் இருக்கலாம். பேனா போன்ற குச்சி இருந்தால் இன்னும் வசதி.

2007 ஜனவரி 9-ம் தேதி ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை அறிமுகம் செய்தபோது அந்தக் குச்சியைக் கேலி செய்தார். ஐபோனின் திரை அழுத்தத்தை உணரவில்லை, மின்சாரத்தை உணர்ந்தது. நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும். விரல் கண்ணாடி அருகே போனதும் அங்குள்ள நுண்ணிய மின்புலம் மாறும். அந்த மாற்றத்தை வைத்து விரல் எங்கே இருக்கிறது என்று போன் கண்டுபிடிக்கும். ஒரே நேரத்தில் இரண்டு, மூன்று விரல்களையும் கண்டுபிடிக்கும். அதனால்தான் இரண்டு விரலை விரித்தால் போட்டோ பெரிதாகிறது.

பல விரல் தொடுதலை ஆப்பிள் கண்டுபிடிக்கவில்லை. டொரன்டோ பல்கலைக்கழகத்தில் 1980-களின் தொடக்கத்திலேயே அந்த ஆராய்ச்சி நடந்தது. இந்தத் துறையில் இருந்த ஃபிங்கர்வொர்க்ஸ் என்ற சிறிய நிறுவனத்தை ஆப்பிள் 2005-ல் வாங்கியது. ஐபோன் செய்தது அதை எல்லோர் பாக்கெட்டுக்கும் கொண்டு வந்ததுதான்.

மழையில் நனைந்த போனில் ஓடிபி அடிக்க முடியாமல் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்ப்போமே, அதற்குக் காரணமும் இந்த மின்சாரம்தான். தண்ணீரும் மின்சாரத்தைக் கடத்துவதால், எது விரல், எது மழைத்துளி என்று போன் குழம்பிவிடுகிறது. உறை போட்ட கையால் தொட்டாலும் வேலை செய்யாததற்கு, உறை மின்சாரத்தைத் தடுப்பதே காரணம்.

கார் டேஷ்போர்டுக்குள் வந்தது எப்படி?

காரில் முதல் டச் ஸ்கிரீன் 1986-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் ப்யூக் ரிவியரா காரில் பழைய டிவி மாதிரியான ஒரு குட்டித் திரை இருந்தது. ஏசி, ரேடியோ எல்லாம் அதில்தான். 'கண்ணை எடுக்க வேண்டியிருக்கு' என்று அப்போதே புகார் எழுந்தது. சில ஆண்டுகளில் அந்தத் திரை காணாமல் போனது.

2012-ல் டெஸ்லா மாடல் எஸ் வந்தது. நடுவில் 17 அங்குலத் திரை. ஷோரூமில் பார்த்தவர்களுக்கு அது எதிர்காலம் மாதிரி தெரிந்தது. மற்ற கம்பெனிகளும் ஓடி வந்தன.

அழகு மட்டும் காரணம் இல்லை, காசும் காரணம். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு வடிவமைப்பு, ஒரு அச்சு, ஒரு ஒயர், ஒரு சோதனை தேவை. ஒரே ஸ்கிரீனை வைத்துவிட்டால் அத்தனையும் மிச்சம். மாடலுக்கு மாடல், நாட்டுக்கு நாடு சாஃப்ட்வேரை மட்டும் மாற்றினால் போதும். கார் விற்ற பிறகும் புதிய வசதிகளை அப்டேட்டாக அனுப்பலாம். கம்பெனிக்கு எல்லாம் லாபம்தான்.

அப்போ பிரச்னை எங்கே?

பழைய காரில் ஏசி திருகை நினைத்துப் பாருங்கள். கை தானாகப் போகும். விளிம்பைத் தடவும். 'டிக்' என்று ஒரு சுற்று சுற்றும். கண் சாலையிலேயே இருக்கும். வேலை முடிந்ததா என்று விரலே சொல்லிவிடும்.

கண்ணாடித் திரையில் இது நடக்காது. எல்லா இடமும் ஒரே வழவழப்பு. எங்கே தொட வேண்டும் என்று கண்தான் காட்ட வேண்டும். தொட்டது சரியா என்றும் கண்தான் பார்க்க வேண்டும். கார் குலுங்கினால் விரல் வேறு இடத்தில் படும். திரும்பவும் பார்க்க வேண்டும்.

எவ்வளவு நேரம்? ஸ்வீடனின் 'வி பிலேகரே' கார் பத்திரிகை 2022-ல் ஒரு சோதனை நடத்தியது. ஏசி, ரேடியோ போன்ற வழக்கமான வேலைகளை மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே செய்ய வேண்டும். ஒரு பக்கம் 11 புதிய கார்கள். இன்னொரு பக்கம் பட்டன்கள் மட்டுமே உள்ள 2005-ம் ஆண்டு வால்வோ வி70.

17 வயதான அந்தக் கிழட்டு வால்வோதான் ஜெயித்தது. 10 நொடியில் எல்லா வேலையும் முடிந்தது. அதற்குள் கார் 306 மீட்டர் ஓடியிருந்தது. கடைசி இடம் பிடித்த எம்ஜி மார்வெல் ஆர் காரில் அதே வேலைகளுக்கு கிட்டத்தட்ட 45 நொடி. அதற்குள் கார் கடந்த தூரம் 1,372 மீட்டர்!

நம்ம ஊர் கணக்கில் சொன்னால், மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் இரண்டு நொடியில் சுமார் 44 மீட்டர் ஓடிவிடும். 'சும்மா ஒரு பார்வைதானே' என்று ஸ்கிரீனைப் பார்க்கும் அந்த இரண்டு நொடியில், குறுக்கே வரும் பைக்கோ, மாடோ, பள்ளிப் பிள்ளையோ உங்கள் கண்ணில் படாது. ஓட்டுநர் ஒரு தடவையில் இரண்டு நொடிக்கு மேல் சாலையில் இருந்து கண்ணை எடுக்கத் தேவையில்லாத மாதிரி காரின் கருவிகளை வடிவமைக்க வேண்டும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு 2013-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தது. அது கட்டாயமாக்கப்படவில்லை.

10 மாலுமிகளின் உயிர்

டச் ஸ்கிரீன் பற்றிய எச்சரிக்கை கடலில் இருந்தும் வந்தது.

2017 ஆகஸ்ட் 21, அதிகாலை. சிங்கப்பூர் அருகே கப்பல்கள் நெருக்கியடிக்கும் கடல் வழி. அமெரிக்கப் போர்க்கப்பலான ஜான் எஸ். மெக்கெய்ன் அந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது. திசையையும் வேகத்தையும் ஒரே மாலுமி சமாளிக்கச் சிரமப்படுவதைப் பார்த்த கேப்டன், வேகக் கட்டுப்பாட்டைப் பக்கத்தில் இருந்தவரிடம் மாற்றச் சொன்னார். மாற்றம் நடந்தது டச் ஸ்கிரீன் வழியாக. வேகத்தோடு சேர்ந்து திசைக் கட்டுப்பாடும் தவறுதலாகப் பக்கத்துத் திரைக்குப் போய்விட்டது. அது யாருக்கும் தெரியவில்லை. 'ஸ்டீயரிங் வேலை செய்யவில்லை' என்று மாலுமி கத்தினார்.

வேகத்தைக் குறைக்க முயன்றபோது இன்னொரு சிக்கல். இரண்டு பக்க புரொப்பல்லர்களும் திரையில் இணைக்கப்படாமல் இருந்தன. ஒரு பக்கம் மட்டும் வேகம் குறைந்தது. கப்பல் இடது பக்கம் திரும்பி, அல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலின் பாதையில் நுழைந்தது. மோதலில் 10 மாலுமிகள் இறந்தனர்.

போதிய பயிற்சி இல்லாதது, கடற்படையின் மேற்பார்வைக் குறைபாடு, மாலுமிகளின் களைப்பு ஆகியவற்றையும் விசாரணை அறிக்கை சுட்டிக்காட்டியது. அதோடு, கையால் தள்ளும் லீவர் இருந்தால் இரண்டும் எங்கே இருக்கிறது என்று தொட்ட உடனே தெரியும், திரையில் அது தெரியாது என்பதையும் பதிவு செய்தது. 2019-ல் அமெரிக்கக் கடற்படை, இந்த வகைக் கப்பல்களில் வேகக் கட்டுப்பாட்டை மீண்டும் லீவருக்கே மாற்றப் போவதாக அறிவித்தது.

தொடவே வேண்டாம், கையை அசைத்தால்?

தொடுவதில்தான் சிக்கல் என்றால் காற்றில் சைகை காட்டினால் என்ன? அதையும் முயன்று பார்த்துவிட்டார்கள்.

2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் 'கினெக்ட்' கேமராவை வெளியிட்டது. டிவி முன்னால் நின்று கை, காலை அசைத்து விளையாடலாம். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. 2017-ல் உற்பத்தியே நின்றது. விளையாட்டுக்கு சரி, ஆனால் படம் பார்க்கவும் மெனு தேடவும் கையைத் தூக்கிக்கொண்டே இருந்தால் தோள் வலிக்கும்.

2015-ல் பிஎம்டபிள்யூ 7 சீரிஸ் காரில் விரலைக் காற்றில் சுழற்றினால் பாட்டுச் சத்தம் கூடும். ஆனால் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கையை ஆட்டிப் பேசினால் அதையும் கார் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. கையை ஆட்டாமல் பேசத் தெரியாத நமக்கு இது கொஞ்சம் கஷ்டம்தான்!

2019-ல் கூகுளின் பிக்சல் 4 போன் குட்டி ரேடாருடன் வந்தது. போனைத் தொடாமல் கையை வீசினால் பாட்டு மாறும். இந்தியாவில் அந்த போன் விற்பனைக்கே வரவில்லை. அந்த ரேடார் பயன்படுத்தும் 60 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததே காரணம் என்று சொல்லப்பட்டது. அடுத்த ஆண்டு வந்த பிக்சல் 5-ல் ரேடாரையே எடுத்துவிட்டார்கள்.

இருந்தாலும் முயற்சி நிற்கவில்லை. 2024-ல் வந்த ஆப்பிள் விஷன் புரோவில் கண்ணால் பார்த்து, விரல் நுனிகளைச் சேர்த்தால் போதும், கையை மடியிலேயே வைத்திருக்கலாம். 2025-ல் மெட்டா வெளியிட்ட கண்ணாடியுடன் ஒரு மணிக்கட்டுப் பட்டை வருகிறது. விரல் அசையும்போது தசையில் உண்டாகும் மின் சமிக்ஞையை அது படிக்கிறது. தோள் வலிப் பிரச்னை தீர்ந்தது. ஆனால் 'நான் சொன்னது புரிஞ்சுதா?' என்ற பிரச்னை சைகையில் இன்னும் இருக்கிறது. காற்று திருப்பி பதில் சொல்லாது.

கம்பெனிகள் போட்ட யூ-டர்ன்

ஃபோக்ஸ்வாகன் 2019-க்குப் பிறகு பல கார்களில் பட்டன்களை எடுத்துவிட்டு, தடவினால் வேலை செய்யும் பட்டைகளை வைத்தது. இரவில் அவற்றுக்கு விளக்குகூட இல்லை. வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். 2025-ல் அதன் வடிவமைப்புத் தலைவர் ஆண்ட்ரியாஸ் மிண்ட், அது தவறு என்று ஒப்புக்கொண்டார். சத்தம், இரு பக்க வெப்பநிலை, ஃபேன், ஹசார்ட் லைட் ஆகியவற்றுக்கு இனி எல்லா கார்களிலும் தனி பட்டன் இருக்கும் என்றார்.

ஹூண்டாயும் டச் ஸ்கிரீன் மட்டும் போதாது என்று 2024-ல் வெளிப்படையாகச் சொன்னது. அவசரத்தில் தேடிக் கிடைக்காதபோது மக்கள் எரிச்சலாகிறார்கள் என்பது அவர்கள் வாடிக்கையாளர்களிடம் நடத்திய சோதனையில் தெரிந்தது. இண்டிகேட்டர் லீவரை சில மாடல்களில் தூக்கிவிட்ட டெஸ்லாவும், 2025-ல் வந்த புதிய மாடல் ஒய் காரில் அதை விட்டு வைத்திருக்கிறது.

டச் ஸ்கிரீன் மேல் மட்டும் தப்பா?

இல்லை. மேப் பார்க்க, ரிவர்ஸ் கேமரா பார்க்க திரைதான் சிறந்தது. ஸ்கிரீன் வந்ததால் பயன் அடைந்தவர்களும் ஏராளம். பார்வையற்றவர்களுக்கு வழவழப்பான கண்ணாடி பெரிய சுவராக இருந்தது. 2009-ல் ஐபோனில் வாய்ஸ்ஓவர் வசதி வந்தது. விரல் படும் இடத்தில் என்ன இருக்கிறது என்று போன் வாசித்துக் காட்டும், இரண்டு முறை தட்டினால் திறக்கும். பார்க்காமலே தொடலாம் என்று நிரூபித்தது அதுதான். அங்கே கண்ணின் வேலையைக் காது செய்கிறது.

நம்ம ஓட்டு மெஷினையும் நினைத்துப் பாருங்கள். நீலப் பட்டன், பக்கத்தில் பிரெயில் எண், அழுத்தினால் சிவப்பு விளக்கு, நீளமான 'பீப்' சத்தம். ஓட்டு பதிவானதா என்ற சந்தேகம் முதன்முறை வாக்களிப்பவருக்கும் வராது. எந்தக் கருவியும் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: 'சரி, நீ சொன்னதைச் செய்துவிட்டேன்.'

இந்தியாவில் நிலைமை என்ன?

இங்கே போக்கு இன்னும் திரை பக்கம்தான். 2023-ல் வந்த புதிய டாடா நெக்ஸானில் ஏசி கட்டுப்பாடு பெரும்பாலும் டச் பேனலுக்குப் போனது. மஹிந்திராவின் எக்ஸ்இவி 9இ மின்சார காரில் டேஷ்போர்டு நீளத்துக்கு மூன்று திரைகள். 2025 ஜூலையில் மும்பையில் கடை திறந்த டெஸ்லா விற்கும் மாடல் ஒய் காரில் கியரை மாற்றுவதே திரையில்தான்.

விதிமுறை? கையில் போன் பிடித்துக்கொண்டு ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது. வழி பார்க்க மட்டும், கவனம் சிதறாத வகையில் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் விதி திருத்தப்பட்டது. இரண்டுமே பேசுவது கையில் இருக்கும் கருவியைப் பற்றி. காரோடு சேர்ந்தே வரும் திரை இந்த வரையறைக்குள் நேரடியாக வரவில்லை. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மதிப்பீடும், மோதினால் உள்ளே இருப்பவர் பிழைப்பாரா என்பதைத்தான் முதன்மையாகப் பார்க்கிறது. மோதாமல் இருக்க ஓட்டுநரின் கண் எங்கே இருக்கிறது என்பது இன்னும் நம் கணக்கில் முழுதாக வரவில்லை. 2023-ல் மட்டும் 1.72 லட்சம் பேருக்கு மேல் சாலை விபத்தில் பலியான நாடு இது.

கார் வாங்கப் போறீங்களா?

ஷோரூமில் திரையின் அளவைப் பார்த்து மயங்காதீர்கள். டெஸ்ட் டிரைவ் கிளம்பும் முன், நின்ற காரில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வேலை செய்து பாருங்கள். வைப்பர் வேகத்தைக் கூட்டுங்கள். முன் கண்ணாடியில் படிந்த பனிமூட்டத்தை விலக்கும் பட்டனைத் தேடுங்கள். ஹசார்ட் லைட் போடுங்கள். ஏசியைக் குறையுங்கள். பாட்டுச் சத்தத்தை நிறுத்துங்கள்.

ஐந்தும் முடிந்தால் நல்ல கார். இரண்டுக்கு மேல் தடுமாறினால், கொட்டும் மழையில் செங்கல்பட்டு தாண்டி ஜிஎஸ்டி சாலையில் லாரிகளுக்கு நடுவே அதே வேலையைச் செய்யும் நிலையை யோசித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே திரை உள்ள கார் வைத்திருப்பவர்கள் மேப், பாட்டு, ஏசி எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே போட்டுவிடலாம். நடுவில் மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லலாம். தனியாகப் போனால் ஓரமாக நிறுத்திவிட்டு மாற்றலாம்.

ரேடார் அறையில் பிறந்த டச் ஸ்கிரீன் அங்கே வெற்றி பெற்றது, அதிகாரியின் கண் திரையில் இருந்ததால். போனில் வெற்றி பெற்றதும் அதே காரணத்தால்தான். கார் ஓட்டும்போது நம் கண் இருக்க வேண்டிய இடம் வேறு. கம்பெனிகளுக்கு அது புரிய பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. நமக்கு அவ்வளவு நேரம் இல்லை, இரண்டு நொடிதான்.